மொக்கம்மாள் பாத்தியில் சர்க்கார் கோசு

சர்க்காருக்கு ஒரு முட்டைக்கோசு தேவைப்பட்டது.

காரணம் நியாயமானதுதான். தை மாதம் வாய்க்கால் வேலையைப் பார்வையிட வரும் துரை அவர்கள், பண்ணைப்புரத்துக்கு மேற்கே எங்கள் ஊர் மாந்தோப்பில் கூடாரமடித்துத் தங்குவதாகத் திட்டம். சீமைக் காய்கறிகளைக் குடியானவர்களிடையே பரப்பினால் தேசம் முன்னேறும் என்று மேலிடத்துக்கு எழுதியவரும் அதே துரைதான். ஆகவே அவர் வருவதற்குள் தேசம் முன்னேறியிருக்க வேண்டியது அவசியமாயிற்று.

ரெவினியூ இன்ஸ்பெக்டர் பிச்சைமணி விதைப் பொட்டலத்தோடு வந்தார். பொட்டலத்தின்மேல் வர்ணப் படம்: பச்சையாய், உருண்டையாய், இலை போர்த்திய ஒரு வஸ்து. எங்கள் ஊரில் யாரும் கோசைக் கண்டதில்லை. இன்ஸ்பெக்டரும் கண்டதில்லை. ஆனால் அவர் காணாதிருந்தது உத்தியோக முறையில்.

கிணற்றடியில் மொக்கம்மாளின் கத்தரிப் பாத்தி பூவும் பிஞ்சுமாக நின்றது. சர்க்கார் காரியத்துக்கு அதுவே உகந்த மண் என்று முடிவாயிற்று. இன்ஸ்பெக்டர் குதிரையை விட்டு இறங்கிய இடம் அதுதான்.

"ஐயா, இந்தக் கத்தரிக்காய வச்சுத்தான் எங்க வீட்ல ஒல கொதிக்குது. பாதிப் பாத்தியாச்சும் விடுங்க."

"சர்க்காரைப் பாதியாக்க முடியாது, மொக்கம்மா. துரை அவர்கள் கோசு சாப்பிட்டதும் பாத்தி உனக்கே. கோசு வராவிட்டால் அடுத்த வருஷமும் சர்க்காருக்கே."

கத்தரி பிடுங்கப்பட்டது. விதை தூவப்பட்டது. நன்றாகவே முளைத்தது. இன்ஸ்பெக்டர் படத்தோடு வந்து குனிந்து, ஒவ்வொரு நாற்றாக ஒத்துப்பார்த்தார்.

"உருண்டை எங்கே?"

"இப்பத்தானய்யா மொளச்சிருக்கு."

"படத்தில் உருண்டை இருக்கிறது. இதில் இரண்டு இலைதான் இருக்கிறது. எனவே இது களை. பிடுங்கு."

"அடி ஆத்தாடி! ஒங்கள ஒங்க ஆத்தா இந்தத் தலப்பாவோடயா பெத்தாக?"

"தலைப்பாகை பிற்பாடு சர்க்கார் தந்தது. பிடுங்கு."

ஒன்று விடாமல் பிடுங்கியாயிற்று. 'போலிச் செடிகள் யாவும் அகற்றப்பட்டன. இனி அசல் கோசு தடையின்றி வளரும்' என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. பாத்தியில் வெறும் மண் கிடந்தது. தடை என்று ஒன்றுமே இல்லை.

துரை வரும் நாளும் வந்தது. மொக்கம்மாள் தன் கூரைமேல் படர்ந்த கொடியிலிருந்து ஒரு பச்சைப் பரங்கிக்காயைப் பறித்தாள். பரங்கி இலையையே அதன்மேல் மடிப்பு மடிப்பாகச் சுற்றி, வாழைநாரால் கட்டி, பாத்தி நடுவே உட்காரவைத்தாள்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். காயைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டார்.

"ஒத்துப்போகிறது! இந்த நார்?"

"அதான்யா வேரு. வெளியாலே வளந்திருக்கு."

"சீமைச் செடியல்லவா," என்றார் இன்ஸ்பெக்டர்.

ராத்திரி விருந்தில் துரையின் பட்லர் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "துரைகளே, இது பரங்கிக்காய்."

"நீ சீமைக்குப் போனதுண்டா?"

"இல்லை, துரைகளே."

"நான் போனதுண்டு. இது கோசு."

தேசம் முன்னேறும் என்று எழுதியவர் அவரல்லவா! நார் உட்படச் சாப்பிட்டார்.

சர்க்கார் வாக்குத் தவறவில்லை. பாத்தி மொக்கம்மாளுக்கே திரும்பிவந்தது, அதில் கோசைத் தவிர வேறெதுவும் பயிரிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவளும் பரங்கி போட்டாள். காய்த்ததும் இலை சுற்றினாள். துரை சாப்பிட்டதை நாமும் சாப்பிடாவிட்டால் கௌரவம் என்ன ஆவது? குச்சனூர்க் கோயிலுக்கு வந்தவர்கள்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வாங்கிப்போனார்கள். பரங்கிக்காய் வாயு என்று ஜன்மம் முழுக்க ஒதுக்கிய மணியக்காரர் ஞானமுத்து, "கோசு ஒடம்புக்குக் குளிர்ச்சியில்ல?" என்று ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பந்தியில் யார் இலையில் நார் விழுகிறதோ அவர்தான் பெரிய மனுஷர். எங்கள் கூரைகளில் காய்த்த பரங்கியை மாட்டுக்குப் போட்டோம்.

இப்படித் தேசம் முன்னேறிக்கொண்டிருக்கையில், மலைத்தோட்டத்துக்குச் சுமை கொண்டுபோன ஒச்சாண்டி ஒரு நிஜக் கோசோடு இறங்கிவந்தான்.

"இதான் கோசு. தோட்டத்துத் தொரையே கையால குடுத்தாக!"

ஊர் கூடியது. இன்ஸ்பெக்டரும் வந்தார். மொக்கம்மாளும் கிட்டே வந்து பார்த்தாள். இது கோசென்றால் அவளுடையது கோசில்லை. பாத்தி மறுபடி போய்விடும். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒச்சாண்டியின் கோசை மடியில் வைத்து, எல்லாரும் பார்க்க, ஒவ்வொரு இலையாக உரித்தாள். உரித்தாள், உரித்தாள், கடைசியில் கையில் ஒரு கட்டைத் தண்டு மிஞ்சியது.

"ஏலே ஒச்சாண்டி, காய் எங்கன?"

"எலதான் ஆத்தா காயே."

ஊரே சிரித்தது.

"வெறும் எலைய உருட்டிக் காயின்னு கொண்டாந்திருக்கியே, ஒனக்கு மனச்சாட்சி இருக்கா?"

"ஏன், ஒங்க கோசுக்குள்ள இருக்கிறது மட்டும் என்னவாம்? பரங்கிக்காய்தான?"

"இருக்கில்ல?" என்றாள் மொக்கம்மாள்.

அந்த இலைகளை உடனே அப்புறப்படுத்தும்படி இன்ஸ்பெக்டர் உத்தரவிட்டார். பக்கத்தில் நின்ற ஆடு உத்தரவை நிறைவேற்றியது. நாங்கள் மொக்கம்மாளிடம் ஆளுக்கொரு அசல் கோசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.