‘எங்க கீது?’ ஆசாமி

கண் இரண்டும் நன்றாக இருக்கும், ஆனால் பார்வை மட்டும் வீட்டு வாசலோடு நின்றுவிடும். அப்படி ஓர் இனம் உண்டு. கண்ணாடி போட்டாலும் சரிப்படாது, சொட்டு மருந்துக்கும் கேட்காது. அடையாறிலிருந்து வடபழனி வரை எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒருவர் அகப்படுவார். மயிலாப்பூரில் ‘எங்க வெச்சிருக்கே?’ என்று கேட்பார், எங்கள் பக்கத்தில் ‘எங்க கீது?’ என்பார். பாஷைதான் வேறு. வியாதி ஒன்று.

இவர் தேடுகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? அலமாரியைத் திறப்பார், நடுத்தட்டை மட்டும் பார்ப்பார், எதையும் தொடாமல் மூடுவார். தொட்டால் டப்பா நகரும், நகர்ந்தால் பின்னால் இருப்பது தெரியும், தெரிந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும். அவ்வளவு ஆபத்து எதற்கு? போனை எடுப்பார். அந்தப் பக்கம் பெண்டாட்டி பேங்க் கவுண்டரில் வரிசையைச் சமாளித்துக்கொண்டிருக்கலாம், ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருக்கலாம், நாற்பது பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இவருக்கு அதெல்லாம் எதற்கு? உப்பு வேண்டும்.

உதாரணத்துக்குத் தூரம் போவானேன்? என் அப்பா காதர் இருக்கிறார், எங்கள் வீட்டில் அத்தா என்போம். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஸ்குரூ, வாஷர், பேரிங், பெயர் வாயில் நுழையாத ரப்பர் வளையம் என்று மூவாயிரம் சாமான் அவர் பொறுப்பு. எதைக் கேட்டாலும் தலையைத் தூக்காமல், ‘ஆறாவது ரேக், நாலாவது தட்டு’ என்பார். கரண்ட் போனபோது இருட்டில் கையை விட்டுச் சரியான போல்ட்டை எடுத்தார் என்று கம்பெனியில் பெருமையாகச் சொல்வார்கள். அதே கை, ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்ததும், மொத்தமே நாலு தட்டு உள்ள சமையலறையில் சர்க்கரையைக் காணாமல் தவிக்கும்.

அம்மா சகினாவுக்கு டி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஒன்பது வருஷம் கவுண்டரில் நின்றாள். கவுண்டர் பெண்கள் காலையில் போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் கையில் கிடைக்கும், அப்புறம் கடை சாத்தினால்தான். அந்த ஒன்பது வருஷமும் எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் கிடைத்தது. சர்க்கரை கிடைத்தது, லுங்கி கிடைத்தது, கேஸ் புத்தகம்கூடக் கிடைத்தது. கேட்க ஆளில்லை. கண் தெரிந்தது.

இந்த வருஷம் அம்மாவைப் பட்டுப் பிரிவுக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிவந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பழையபடி கவுண்டர். சூப்பர்வைசருக்கு இரண்டு வசதி. ஒன்று, உட்கார ஸ்டூல். இன்னொன்று, குடோனோடு பேச வேண்டியிருப்பதால் போன் கையிலேயே இருக்கலாம். அம்மா ஸ்டூலுக்காகச் சந்தோஷப்பட்டாள். அத்தா போனுக்காக.

மறுநாளே வியாதி முற்றிவிட்டது. மூன்று பத்துக்குச் சர்க்கரை. மூன்றே காலுக்கு, எடுத்தது சர்க்கரையா ரவையா என்று சந்தேகம். நாலு மணிக்கு நகவெட்டி. இந்த இனத்தில் கெட்டவர் கிடையாது, அதுதான் தொல்லை. ‘சாப்ட்டியாமே? கால்வலி எப்டி கீது?’ என்று அன்பாகத்தான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பக்கம் ஒருத்தி உருகி ‘ம்’ சொல்வதற்குள், ‘செரி, ஊறுகா பாட்டிலு எங்க கீது?’

இரண்டாவது மாதம் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பதினோரு புடவை எடுக்க வேண்டும், ஒன்பது ஆகிவிட்டது. அம்மா பத்தாவது புடவையின் முந்தானையை விரித்து மணப்பெண் தோளில் போடுகிற நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். டிவிக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அம்மா திரும்புவதற்குள் மணப்பெண்ணின் பெரியம்மா எழுந்துவிட்டார். மிச்சம் இரண்டு புடவையும் பக்கத்துக் கடைக்குப் போயின. மேனேஜர் கத்தவில்லை. இன்னொரு தடவை வீட்டுப் போன் வந்தால் கவுண்டருக்கே போய்விடலாம், அங்கே பெட்டி இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாராம்.

அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஒம்போது வருஷம் நின்னுகினே இருந்தேன். ஸ்டூலு வந்து ஒன்ற மாசந்தான் ஆவுது. அதையும் புடுங்கி வுட்ராதீங்க.”

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் போனே கிடையாது என்று சத்தியம் செய்தார். சத்தியம் இரண்டு நாள் தாங்கியது.

மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் ஒரு சின்ன வேலை செய்தேன். அவர் போனில் ‘சகினா’ என்ற பெயருக்கு நேரே இருந்த நம்பரை அழித்துவிட்டு, அவருடைய கம்பெனி ஸ்டோர் நம்பரைப் போட்டேன். பத்தாவதோடு நின்றுபோன படிப்புக்கு இவ்வளவு வந்தால் போதாதா?

மூன்றரைக்கு அடித்தார். எடுத்தவர் இரண்டாவது ஷிப்டு அன்வர் பாஷா, அத்தாவிடம் வேலை கற்றவர். எதிராளியை ஹலோ சொல்லவிடும் பழக்கம் அத்தாவுக்கு இல்லை.

“ஏமே, தோசக்கல்லு எங்க கீது?”

ஸ்பீக்கரில் பதில் வந்தது, ரொம்ப மரியாதையாக:

“தோசக்கல்லு நம்ம ஸ்டோர்ல வெக்கிறது இல்லியே பாய். சைஸ் போட்டு சீட்டு குடுங்க, வரவழிக்கிறேன்.”

மறுநாள் கம்பெனியில் ஃபோர்மேனிலிருந்து கேன்டீன் ஆள் வரை அத்தாவிடம் தோசைக்கல் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கடையில் இருந்தபோது பெயின்ட் டப்பாவோடு சமையலறைக்குள் போனார். எல்லாவற்றையும் இறக்கினார், துடைத்தார், தட்டுக்குத் தட்டு நம்பர் போட்டார், தன் இஷ்டப்படி அடுக்கினார். அம்மா வந்து பார்த்தாள். அவளுடைய சமையலறையில் அவளுக்கே ஒன்றும் புரியவில்லை.

“டீத்தூளு எங்க?” என்றாள்.

“மூணாவது தட்டு, ரெண்டாவது டப்பா.” தலையைத் தூக்கவில்லை.

அம்மா அங்கே போகவில்லை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“எடம் தெரிஞ்ச ஆளு நீதான். நீயே எட்த்து போடு.”

ஸ்டோர் கீப்பர் எழுந்து போய்ப் போட்டார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அம்மா சொல்லாமல் குடித்தாள். அதற்குப் பிறகு கடைக்கு வீட்டிலிருந்து போன் போகவில்லை. மூன்று மாதம் முடிந்தது. பட்டுப் பிரிவு அம்மாவுக்கே, ஸ்டூலும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணக் கூட்டத்தின் நடுவே வந்த அந்த போன் அத்தாவுடையது என்றுதானே நினைத்தீர்கள்? அவரும் அப்படித்தான் நினைத்தார். அன்றைக்கு அவரும் இரண்டு தடவை அடித்திருந்தார், தலையைக் குனியாமல் என்ன செய்வார்? அடித்தது அவர் மகள், நான்தான். என் சார்ஜரைக் காணவில்லை. அம்மாவுக்குத் தெரியும். இன்றுவரை அத்தாவிடம் சொல்லவில்லை.

ஆகவே இந்த ஆசாமிக்கு மீசை இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். நீங்களும் இதுவரை சிரித்துவிட்டீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூட ஞாபகம் வந்திருக்கும். இப்போது உங்கள் போனை எடுத்து, வேலையில் இருக்கிற அம்மாவையோ அக்காவையோ பெண்டாட்டியையோ கடைசியாக எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று பாருங்கள்.

போன் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.