வாஷிங் செக்‌ஷனில் வந்த பட்டாளத்து நோய்

பிள்ளைப்பாக்கம்,
ஐப்பசி, அடைமழை நாள்.

எல்லைக் காவலில் இருக்கும் என் மச்சான் ஹவில்தார் சுபாஷ் அவர்களுக்கு, மாமா பொன்னுரங்கம் எழுதிக்கொண்டது.

பெருமாள் கிருபையால் இவ்விடம் எல்லோரும் கணுக்காலுக்கு மேலே சௌக்கியம். அவ்விடம் நீ தலை முதல் கால் வரை சௌக்கியமா? காலைக் கொஞ்சம் கூடுதலாகவே விசாரிக்கிறேன், காரணம் இருக்கிறது. உன் மலையில் சிக்னல் கிடைக்காததால் போஸ்டாபீஸுக்கு வேலை வைக்கிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மாலை போட்டு, மேளம் அடித்து உன்னைப் பட்டாளத்துக்கு அனுப்பினோம். உன் அக்கா அலமு ரயில் மறைகிறவரை அழுதாள். நீ போய் ரேஷன் ஸ்டோரில் பருப்பு மூட்டை எண்ணிக்கொண்டு, இன்றுவரை காலில் ஒரு கொப்புளம் இல்லாமல் இருக்கிறாய். குறை சொல்லவில்லை, நாட்டுக்குப் பருப்பும் வேண்டும். ஆனால் சிப்பாய்களுக்கு வருகிற நோய் நம் வீட்டில் யாருக்கு வந்திருக்கிறது தெரியுமா? டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறுகிற உன் மருமான் விஜயராகவனுக்கு.

அவன் வடக்குப்பட்டு பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான் அல்லவா, உதிரிபாகம் கழுவுகிற வாஷிங் செக்‌ஷன். அங்கே தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் மெஷின் ஒழுகி, வடிகால் அடைத்துக்கொண்டு, கணுக்கால் வரை ஜில்லென்று தண்ணீர் நிற்கிறது. அடைப்பை எடுக்கச் சொல்லிக் கொடுத்த புகார் ஆறு மாதமாகக் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கிறதாம். பன்னிரண்டு மணி நேரம் அதில் நிற்க ரப்பர் பூட்ஸ், அதுவும் இரண்டு பேருக்கு ஒரு ஜோடி. இவன் கழற்றினால் அடுத்த ஷிப்டுக்கு வருகிற கோவில்பட்டி ஆள் பேச்சிராஜ் அப்படியே ஈரத்தோடு மாட்டிக்கொள்வான், அவன் கழற்றினால் இவன். மனுஷனுக்காவது ஷிப்டு முடிகிறது, பூட்ஸுக்கு மூன்று வருஷமாக ஓ.டி. லீவே எடுக்காத ஆளைத்தான் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்றால், நியாயப்படி அந்தப் பூட்ஸைத்தான் ஆக்கியிருக்க வேண்டும்.

போன வாரம் வந்து சாக்ஸைக் கழற்றினான். கால் வெளுத்து, ஊதி, விரல் நுனியெல்லாம் நீலம். முப்பது வருஷம் நடவு வயலில் நின்றவன் நான், எனக்குச் சேற்றுப்புண் தெரியாதா, வேப்பெண்ணெயை எடுத்துத் தடவினேன். வலிக்கிறதா என்று கேட்டால், தடவுவதே தெரியவில்லை என்கிறான். அப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டர் சுவாதி என்று ஒரு சின்னப் பெண், காலைப் பார்த்ததும் எந்த பார்டரில் டியூட்டி என்று கேட்டது. ட்ரெஞ்ச் ஃபுட்டாம். நூறு வருஷத்துக்கு முந்தைய உலகப் போரில், தண்ணீர் தேங்கின பதுங்குகுழியில் நாள்கணக்காக நின்ற சிப்பாய்களுக்கு வந்ததாம். புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்று ஆசையாக நாலு போட்டோ எடுத்துக்கொண்டது. பத்து நாள் கால் ஈரத்தில் படக்கூடாது, பட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றது. உன் அக்கா விரலை விட்டுவிட்டுப் பட்டாளத்தைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பட்டாளத்து நோய் என்று தெருவெல்லாம் சொன்னாள், எதிர்வீட்டுக் கனகம் வந்து பிள்ளைக்கு மெடல் ஏதாவது வருமா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அந்தப் போரில் ஆபீசர் தினமும் சிப்பாயின் காலைப் பார்ப்பாராம், எண்ணெய் தேய்க்க வைப்பாராம், காய்ந்த சாக்ஸ் மாற்ற வைப்பாராம், கால் கெட்டால் ஆபீசர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். டாக்டர் பெண் சொன்ன இதையே சொல்லிப் பார்ப்போம் என்று சீட்டோடு கம்பெனி கேட்டுக்குப் போனேன். சேஃப்டி ஆபீசர் சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்க பிளான்ட்ல பதுங்குகுழியே கிடையாதே பெரியவரே, அப்புறம் இந்த வியாதி எப்படி இங்க வந்திருக்கும்?" என்றார். வயலில் இறங்கினானா என்று வேறு கேட்டார். வயலை வாங்கிப் போட்டுத்தானேய்யா நீங்கள் எல்லாம் வந்தீர்கள் என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஆனாலும் நடவடிக்கை எடுத்தார்கள். ‘பாதம் காப்போம்’ என்று வாஷிங் செக்‌ஷனில் ஒரு போஸ்டர். ஈரத்தில் ஒட்டாமல் மறுநாளே விழுந்துவிட்டதாம்.

இந்தக் காலோடு இவன் இன்னும் வேலைக்குப் போகிறான், மச்சான். இன்னும் இருபத்திரண்டு நாள் லீவு இல்லாமல் நின்றால் பர்மனென்ட் லிஸ்டில் பேர் வருமாம். வேண்டாமடா என்று கெஞ்சிவிட்டேன்.

"விரலு பத்து கீதுப்பா. வேலை ஒண்ணுதான் கீது," என்கிறான்.

உன் பேச்சு என்றால் கேட்பான். வேலையை விடு என்று ரெண்டு வரி எழுதிப் போடு. எனக்குப் பர்மனென்டும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம், புள்ள பத்து விரலோட வூடு வந்து சேர்ந்தா போதும். நம் குடும்பத்துக் கால் இனி அந்தத் தண்ணீரில் படாது. இது சத்தியம்.

அக்காவின் ஆசிகள். அங்கே குளிர் என்கிறார்கள், காலைத் துடைத்துவிட்டுப் படு.

இப்படிக்கு,
உன் நலமும் உன் கால் நலமும் வேண்டும்
பொன்னுரங்கம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கான்ட்ராக்டர் பலராமன் வந்துவிட்டார். டாக்டர் சீட்டுக்கு மரியாதை கொடுத்து ராகவனுக்குப் பத்து நாள் ஓய்வு தருகிறாராம். லீவு விழாமல் இருக்க, அவன் கார்டைக் காட்டிவிட்டு யாராவது அந்த இடத்தில் நின்றால் போதுமாம். தொப்பியும் மாஸ்க்கும் போட்டால் அப்பன் யார், பிள்ளை யார் என்று எவனுக்கும் தெரியாது என்கிறார். ஆகவே ராகவனுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். நாளைக் காலை ஷிப்டுக்கு நான் போகிறேன். இன்று ராத்திரி ஷிப்டு இல்லையாம், பேச்சிராஜ் பூட்ஸை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரியாகவே இருக்கிறது.