மாப்பிள்ளை, ரம்பத்தோடு வந்து சேர்

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்

மரியாதைக்குரிய மைத்துனர் முத்துவேலுக்கு, உன் அக்காள் ஒச்சம்மாளைக் கட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்த செல்லப்பா எழுதிக்கொள்வது. உசிலம்பட்டியில் நீயும், உன் சம்சாரம் வசந்தியும், பிள்ளைகளும், மாடு கன்றும் சுகமாக இருக்க எல்லாச் சாமியையும் கும்பிடுகிறேன். இங்கே எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறு ஒரு தொல்லையும் இல்லை.

இந்தக் காலத்தில் எதற்குக் கடுதாசி என்று நீ நினைப்பாய். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நீலக் கோடு இரண்டும் விழுகிறது, பதில் விழவில்லை. கடுதாசி என்றால் தபால்காரர் கையில் திணித்துவிட்டுத்தான் போவார். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என் படிப்பு நாலாங்கிளாஸோடு நின்றுவிட்டது, கோபம் மட்டும் காலேஜ் வரைக்கும் படித்திருக்கிறது.

இந்த வீட்டில் நாங்கள் பால் காய்ச்சியபோது வந்தவர்கள் எல்லாம் குத்துவிளக்கும் சில்வர் குடமும் கொண்டுவந்தார்கள். நீ மட்டும் ஒரு தகர டப்பாவில் எலுமிச்சங்கன்றை வைத்து, அதை மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். "மச்சான், இது சும்மா பேருக்கு நிக்கிற மரம். வருசத்துக்கு நாலு காய் காய்க்கும், மோருக்குப் பிழிஞ்சுக்கலாம்" என்றாய். நாலு காயா? மீன் கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், நான் மூட்டை இறக்கும் அரிசிக் கிட்டங்கியில் கூட்டி அள்ளும் தவிடு என்று எல்லாவற்றையும் ஊட்டி உன் அக்காள் அதை வளர்த்தாள். எனக்குக்கூட அவள் அப்படிச் சோறு போட்டதில்லை. இந்த வருஷ மழையும் சேர்ந்துகொண்டது. இலையே தெரியவில்லை மாப்பிள்ளை, மஞ்சள்தான் தெரிகிறது. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் காலடியில் உருளுது.

முதலில் எலுமிச்சம் சாதம். வாய் திறக்காமல் தின்றேன். மறுநாளும் அதுவே, அதற்கும் மறுநாள் மத்திக் குழம்பில் குடம்புளிக்குப் பதிலாக எலுமிச்சையைப் பிழிந்து வைத்தாள், சட்டிக்குள் மத்தியே முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தது. தலைக்குத் தேய்க்க எலுமிச்சை, பித்தளை துலக்க எலுமிச்சை, தரை துடைக்க எலுமிச்சை, என் சட்டைக் கறைக்கு எலுமிச்சை. கறை அப்படியே இருக்கிறது, சட்டையின் நீலம்தான் போய்விட்டது. கிட்டங்கியில் மூட்டைக்குக் குனிந்தால் பக்கத்தில் நிற்கிறவன் மோந்து பார்த்துவிட்டு, "நாரங்ங சேட்டன் வந்தாச்சு" என்கிறான், எலுமிச்சை அண்ணனாம். ஊறுகாய் போடலாமே என்பாய். போட்டாள். ஜாடி தீர்ந்து, பாட்டில் தீர்ந்து, இப்போது என் ஹெல்மெட்டைத் தவிர வீட்டில் குழிவாக இருக்கிற எல்லாவற்றிலும் ஊறுகாய்தான். உப்பைக் குறை என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். உப்புக்கு நடுவில் உட்கார்ந்துதான் மாத்திரை போடுகிறேன்.

சரி, அக்கம்பக்கத்தில் கொடுப்போம் என்று ஆரம்பித்தோம், அங்கேதான் வினை. எங்கள் சந்தில் ஒரு வழக்கம். ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் வெறுமனே திருப்பக்கூடாது, ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்து வீடு, பாய் வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு, இந்த விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே மதம். ஆட்டோ ஓட்டும் சேவியர் வீட்டுக்கு ஒரு கூடைப் பழம் அனுப்பினேன். அவர் சம்சாரம் அதையே சர்க்கரை போட்டுக் காய்ச்சி, ஜாம் என்று சொல்லி ஒரு குண்டானில் திருப்பினாள். யார் பழம்? நம்ம பழம்! குண்டான் அவர்களுடையது, அதை வெறுமனே கொடுக்கலாமா? மறுபடி பழம் போச்சு, மறுபடி ஜாம் வந்துச்சு. இப்போது என்னைக் கண்டால் சேவியர் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஒருநாள் மறித்துக் கேட்டால், "செல்லப்பா, நீ என் ஃப்ரெண்டு, அதுல மாற்றமில்லை. ஆனா கையில பை இருந்தா என் வண்டில ஏறாதே" என்கிறார்.

வாங்கி அலுக்காதவள் ஒருத்திதான், மதிலுக்கு அந்தப் பக்கத்து ஜொஹரா பீவி. உன் அக்காள் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு வார்த்தை மலையாளம் தெரியாமல் குழாயடியில் காலிக்குடத்தோடு நின்று அழுதபோது, "எந்த ஊரும்மா நீ?" என்று தமிழில் கேட்ட முதல் ஆள் அவள்தான். அன்றிலிருந்து அந்த மதில்தான் இருவருக்கும் மேடை. நான் எப்படிக் குறட்டை விடுகிறேன் என்பதுகூட அந்தப் பக்கம் தெரியும்.

போன வாரம் சாயாக்கடையில் ஜொஹராவின் வீட்டுக்காரர் ஜாபர் சாதிக் சுலைமானி குடித்துக்கொண்டிருந்தார். பால் இல்லாத அந்த டீயில் ஒரு துண்டு எலுமிச்சை மிதந்தது. அதைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாய், உங்க வீடு மட்டும் இல்லேன்னா நாங்க இதைக் காயல்லதான் கொட்டணும். ஊர்ல ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க" என்றேன். அவர் சிரித்தார். கடையே சிரித்தது. சிரித்த மனுஷன் சிரிப்போடு விடவேண்டியதுதானே? வீட்டுக்குப் போய் ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டார். வேடிக்கைப் பேச்சைப் பார்சல் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறவரை என்ன செய்வது? இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, நீயே சொல்.

மறுநாள் மதில்மேல், பழம் போட்டு அனுப்பிய எங்கள் தூக்கு நின்றது. உன் அக்காள் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கழுவித் துடைத்து, ஒரு கல் உப்புகூட இல்லாமல் வந்திருந்தது. "ஜொஹராக்கா!" என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உடனே என் பக்கம் திரும்பி, "என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க?" என்றாள். பார்த்தாயா, அவளுக்கு வேறு ஒருத்தர்மேலும் சந்தேகமே வரவில்லை.

ஜொஹராவின் மகன் ஷாஹிருக்கு அடுத்த மாதம் நிக்காஹ். இரண்டு வீட்டில் எந்த அடுப்பு எரிகிறதோ அங்கே சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். அவன் கல்யாணத்துக்கென்று உன் அக்காள் சேலை எடுத்து, ஜாக்கெட்டும் தைத்து வைத்துவிட்டாள். சந்தில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தாச்சு, போன மழைக்குக் குடிவந்தவர்களுக்குக்கூட. எங்களுக்கு வரவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடுகிறாள், பிறகு திரும்பி வருகிறாள். என்னோடு சண்டைகூடப் போடுவதில்லை. சண்டை போடாத ஒச்சம்மாளை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. பயமா இருக்கு மாப்பிள்ளை.

மரம் இருந்தால்தானே பழம், பழம் இருந்தால்தானே பேச்சு என்று நேற்று அரிவாளை எடுத்தேன். குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "அது எந்தம்பி மடியில வச்சுக் கொண்டாந்தது. பொறந்த வீட்டுல இருந்து வந்ததுமேல உங்க அருவா படக்கூடாது. வெட்டணும்னா அவன் வந்து வெட்டட்டும்" என்கிறாள். பிறந்த வீட்டிலிருந்து வந்த முன்கோபத்தை மட்டும் நான் இத்தனை வருஷம் தாங்கலாமாம், மரத்தைத் தொடக்கூடாதாம்!

ஆகவே மாப்பிள்ளை, இதை வேண்டுகோள் என்று நினைக்காதே, உத்தரவு. அடுத்த ஞாயிறு ரம்பத்தோடு வந்து சேர். நட்ட கையே அறுக்கட்டும். வேரோடு பிடுங்கி உசிலம்பட்டிக்கே கொண்டுபோவதானாலும் சரி, மரத்துக்கும் சேர்த்து நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன். வராவிட்டால் அத்தனை பழத்தையும் லாரியில் ஏற்றி உன் வாசலில் கொட்டச் சொல்வேன். அந்தப் பக்கம் வருகிற அரிசி லாரி டிரைவர்கள் எல்லாரும் எனக்குப் பழக்கம்.

வசந்தியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரிய வேலைக்குப் போய், போன் அடித்தால் எடுக்கிற மனுஷர்களாக வளர என் ஆசீர்வாதம்.

ஆறாத கோபத்துடன்,
உன் அக்காள் புருஷன்,
செல்லப்பா

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்ட சோற்றுப் பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். கொல்லையில் ஒரே சத்தம். மதிலுக்கு மேலே ஜொஹரா பீவியின் தலை, பக்கத்தில் ஒரு பிரியாணிச் செம்பு. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிசு.

"எந்தா ஒச்சம்மா, தூக்கைக் காலியாத் தந்தா ஏன்னு வந்து கேக்க மாட்டியா? கோபத்துலதான் தந்தேன். ஒன் வீட்டுக்காரரு பேசின பேச்சுக்கு அதுல மண்ணள்ளிப் போட்டுத் தந்திருக்கணும்."

"எல்லாருக்கும் அழைப்பு வச்சீங்க. எனக்கு வைக்கலையேக்கா" என்றாள் உன் அக்காள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சொந்த வீட்டுக்கு யாருடி கார்டு கொண்டு வருவா? இங்க வந்து கூடமாட நிக்காம அங்க நின்னு மூக்கைச் சிந்துறே! பிரியாணிக்கு அச்சாறு போடணும், ஒங்க ஊறுகாய்தான். ஊர்ல ஒருத்தரும் தொடாத நாரங்ங இருக்காமே? அவ்வளவும் எனக்கு வேணும். சொன்ன ஆளே ஏறிப் பறிக்கட்டும்."

ஏறினேன் மாப்பிள்ளை. ஒவ்வொரு முள்ளும் உன் பெயரைச் சொல்லித்தான் குத்தியது. கீழே இரண்டு பேரும் முந்தானையை ஏந்திக்கொண்டு, "அந்தக் கொம்புல ஒண்ணு விட்டுட்டீங்க, கண்ணு தெரியலையா?" என்று என்னை ஏசுகிறார்கள், இடையிடையே சிரிக்கிறார்கள். செம்பு நிறைந்தது, மரம் மொட்டை.

ஜொஹரா அத்தோடு விட்டாளா? கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் சர்பத்து ஒச்சம்மா வீட்டு மரத்துப் பழத்தில்தான் என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். உன் அக்காளும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டாள். எதை வைத்துப் பிழிவது? ஆகவே அடுத்த ஞாயிறு வரவேண்டாம், ரம்பமும் வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு மூட்டை எலுமிச்சம்பழம், தோல் மெலிந்ததாகப் பார்த்து வாங்கிக்கொண்டு பின்சந்து வழியாக வா. யாராவது கேட்டால் அரிசி என்று சொல்.