யாரிடமும் சொல்லவில்லையே?

காட்டுக்கு ராஜா சிங்கம் என்று எனக்குப் பாடம் நடத்திய டீச்சர், ஊரடங்குக் காலத்துச் சொத்துரிமை வக்கீலைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சிங்கத்தை அன்றைக்கே பதவியிலிருந்து இறக்கியிருப்பார். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் தொடங்கி இன்றுவரை மனிதகுலம் செய்த ஒரே பெரிய தப்பு, எதையும் செய்வதற்கு முன் இவரைப் போய்ப் பார்க்காததுதான். சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை காலமாகக் கிழக்கில் உதிக்கிறது. முறைப்படி ஒரு விண்ணப்பம் போட்டதா? நாளைக்கு வேறொரு நட்சத்திரம் அதே திசையில் உதித்தால் சூரியனால் ஒரு நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது.

நிலத்துக்கும் வீட்டுக்கும் சண்டை போடுகிற வக்கீல் வேறு இனம். நான் சொல்வது, கையால் தொட முடியாத சொத்துக்காகச் சண்டை போடுகிற இனம்: ஒரு பெயர், ஒரு படம், ஒரு யோசனை, ஷாம்பு புட்டியின் இடுப்பு வளைவு. இந்த இனத்தில் பெரிய வகை கண்ணாடிக் கட்டடங்களில் கூட்டமாக வாழும். சின்ன வகை மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு ஜூனியர், மனசு வந்தால் வேலை செய்யும் ஒரு பிரிண்டர் என்று தனித்து வாழும். நோய் வந்து ஊரைப் பூட்டினார்களே, அப்போது சின்ன வகை என்ன ஆயிற்று? பிரிண்டரைக் கட்டிக்கொண்டு வீட்டுப் படுக்கையறைக்குள் நுழைந்தது.

அப்படி நுழைந்தவர்களில் ஒருத்தி என் சித்தி. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தன்னிடமிருந்து எனக்கு ஒட்டிவிடும் என்று பயந்து என்னைத் துணிப்பையோடு சித்தி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் மூடியிருந்தது. எனக்கும் அதற்கும் முன்பே பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே இந்தப் பிராணியை அதன் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து கவனிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? முதல் கேள்வியை வைத்து. மற்ற மனிதர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பிப்பார்கள். இவர்கள் "இதை யார்கிட்டயும் சொல்லிடலியே?" என்று ஆரம்பிப்பார்கள். காரணம் இருக்கிறது. இவர்கள் சட்டப்படி, பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு யோசனை வெளியே தெரிந்துவிட்டால் அது புதுசு இல்லை. புதுசு இல்லாததை யாரும் தன்னுடையது என்று பதிய முடியாது. "வெளிய சொன்னா புதுமை போயிடும்" என்று சித்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்று எண்ணிப்பார்க்க ஆரம்பித்து நானே தோற்றுவிட்டேன்.

வீட்டில் சுவர் மெலிசு. கட்சிக்காரர்களின் ரகசியம் ஹாலுக்குக் கேட்டுவிடும். மற்ற வீடுகளில் என்றால் கதவைச் சாத்துவார்கள். சித்தி எனக்கும் சித்தப்பாவுக்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் தயாரித்தாள். சித்தப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"எதுக்குன்னு படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க," என்றாள் சித்தி.

"கல்யாணத்தப்பவே படிக்காமத்தானே போட்டேன்," என்றார் சித்தப்பா.

ஜூனியர் தன் வீட்டுக் குளியலறையில் இருந்து வேலை பார்த்தார். குழந்தைகளிடமிருந்து தப்பிக்க அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் அதுதான். "ஆமாம் மேடம்" என்று அவர் சொன்னால்கூட, எதிரொலியில் ஏதோ தீர்ப்பு வாசிப்பதுபோல இருக்கும்.

சரி, கட்சிக்காரர்கள்? வந்தார்கள், திரை வழியாக. வீட்டுக்குள் அடைபட்ட ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கண்டுபிடித்தார்கள். எல்லோரும் ஒன்றையே கண்டுபிடித்தார்கள். லிப்ட் பட்டனை விரலால் தொடாமல் அமுக்குவதற்கு ஒரு கொக்கி. காலையில் ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, துண்டுக்குள்ளிருந்து கொக்கியை வெளியே எடுப்பார். மத்தியானம் ஒரு பல்டாக்டர் எடுப்பார். சாயங்காலம் பூக்கடைக்காரர் எடுப்பார்.

"என் மனைவிகிட்டகூட இதைச் சொல்லல மேடம்."

"ரொம்ப நல்லது சார்."

இதில் கொடுமை என்னவென்றால், காலையில் பார்த்த கொக்கியைப் பற்றி மத்தியானக் கொக்கியிடம் வாயைத் திறக்கக் கூடாது. ரகசியக் காப்பு. ஒவ்வொரு கொக்கியையும் முதல்முறை பார்ப்பதுபோலப் புருவத்தை உயர்த்தி, "அதே மாதிரி ஏற்கெனவே இருக்கான்னு தேடிப் பார்த்துடலாம்" என்று சித்தி சொல்லும் நடிப்புக்கு எந்த மேடையும் ஈடாகாது. இணைப்பைத் துண்டித்த பிறகு மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள்.

திரை விசாரணை என்று ஒன்றும் உண்டு. டிரேட்மார்க் அதிகாரி அந்தப் பக்கம், சித்தி இந்தப் பக்கம். ஒருநாள் சித்தி ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயருக்காக உயிரைக் கொடுத்து வாதாடிக்கொண்டிருந்தபோது, பின்னால் சித்தப்பா துவைத்த துணி வாளியோடு குறுக்கே போனார். அவர் தூங்கும்போது வழுக்கையில் நான் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். பதிவான பெயர்களுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் போடுவார்களே, அந்த ஆங்கில 'ஆர்' எழுத்து. அதிகாரி கையைக் காட்டி வாதத்தை நிறுத்தினார்.

"மேடம், பின்னால போறது பதிவானதா?"

"ஆமாங்க ஐயா," என்றாள் சித்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "இத்தனை வருஷமா யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கல."

பிஸ்கட் ஜெயித்தது. எனக்கு ராத்திரிச் சாப்பாடு பதிவாகவில்லை.

இப்படிக் கொக்கிகளுக்கு நடுவில் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் தையல்காரர் வந்தார். கடை மூடிக் கிடக்கிறது, வீட்டில் ஒரு மிஷின், பின்னால் கொடியில் துணிகள். இவரும் கதவைச் சாத்தினார். நான் கொக்கியை எதிர்பார்த்து ஹாலில் காத்திருந்தேன். அவர் எடுத்தது ஒரு முகக்கவசம்.

அவருடைய மகளுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். ஊரே வாயை மூடிக்கொண்டதும் அவளுக்கு உலகம் மொத்தமாக ஊமையாகிவிட்டது. வாய் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த முகக்கவசம் கடையில் உண்டு. நாலு வார்த்தை பேசினால் மூச்சு பட்டுப் பனி மூடிவிடும். இவர் ஜன்னலுக்குக் கீழே, கவுனுக்கு வைப்பதுபோல உள்பக்கம் ஒரு மடிப்பு வைத்திருந்தார். மூச்சு மடிப்புக்குள் புகுந்து பக்கவாட்டில் போய்விடும். மாட்டிக்கொண்டு பேசிக் காட்டினார். பேசினார், பேசினார், பனி பிடிக்கவே இல்லை.

சித்தி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "இந்த மாதிரி இதுக்கு முன்னால நான் பார்த்ததே இல்ல," என்றாள். அந்த வருஷம் அவள் நடிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. அடுத்த மூச்சில், "யார்கிட்டயும் சொல்லிடலியே?"

"பொண்ணு பார்த்திருக்கா மேடம்."

"அவகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடலாம்."

வாங்கினாள். யாருக்காகத் தைத்ததோ அந்தப் பிள்ளையும், இதைப் பற்றி வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது. விண்ணப்பம் போகும்வரை முகக்கவசத்தை வீட்டுக்குள் மட்டும்தான் போடலாம் என்று உத்தரவு. வீட்டுக்குள் யார் முகக்கவசம் போடுவார்கள்? இதைக் கேட்கக்கூடிய நிலையில் சித்தி இல்லை. தையல் மிஷினை விட வேகமாக அவள் கனவு ஓடிக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்துக்கு வரைபடம் வேண்டும். வரைகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறொருவரைப் பிடித்தால், பதிவு அலுவலகத்தின் இணையதளம் படுத்துவிட்டது. சித்தி நாள் முழுக்க அந்தத் தளத்தில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் சின்னச் சின்னக் குழுவாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

தையல்காரர் கூப்பிட்டார். "டீச்சருக்கு ஒண்ணு தைச்சுக் குடுக்கட்டுமா மேடம்? துணி முகக்கவசம் போட்டுட்டுதான் பாடம் எடுக்கறாங்க. இவ பாட்டுக்கு அவங்க கண்ணையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா."

"கொஞ்சம் பொறுங்க. குடுத்துட்டா வெளிய வந்த மாதிரி ஆயிடும். அப்புறம் உங்களோடதுன்னு சொல்ல முடியாது."

பொறுத்தார். மறுபடி கூப்பிட்டார். யாரோ மிஷின் ரிப்பேர்க்காரர் மூலமாகச் செய்தி போய், பெரிய முகக்கவசக் கம்பெனி ஒன்றிலிருந்து, சேம்பிள் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

"அனுப்பாதீங்க," என்றாள் சித்தி. "அவங்க முந்திக்கிட்டுப் பதிஞ்சாங்கன்னா, நாளைக்கு உங்க பொண்ணுக்கு நீங்க தைச்சாக்கூட நோட்டீஸ் வரும்."

திரையில் தையல்காரர் மகள் பக்கம் திரும்பினார். பக்கத்தில் அந்தப் பிள்ளை, என்ன பேசுகிறார்கள் என்று இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேடம், எனக்குச் சொந்தமே வேணாம்னு வச்சுக்குங்க. ஆனா வேற யாருக்கும் சொந்தமாகவும் கூடாது. இவ டீச்சருக்கு நாளைக்கே வேணும். இதுக்கு உங்க சட்டத்துல வழி இருக்கா?"

இந்த இனத்திடம் கேட்கக் கூடாத கேள்வி அதுதான். ஏனென்றால் வழி இருந்தது. அதைச் சித்தியே தினம் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு," என்றாள். "ஊரைக் கூட்டிச் சொல்லிடுங்க. வெளிய வந்துட்டா யாருக்கும் புதுசு இல்ல. எந்தக் கம்பெனி போய்க் கேட்டாலும், இது ஊருக்கே தெரிஞ்சதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அதுக்கு வக்கீலே தேவையில்ல."

பிறகு சிக்னல் சரியில்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். கொக்கி கொக்கியாகப் பார்த்துச் சலித்த வருஷத்தில் அவள் கைக்கு வந்த ஒரே நிஜமான சரக்கு அது. அதைத் தெருவில் கொட்டச் சொல்லி வழிகாட்டியது அவளே. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு மட்டும் அதில் உப்புப் போடவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். "டேய், நீ குடும்பக் குரூப்ல ஒரு புரளி விட்டா அது சுத்திட்டு நம்மகிட்டயே வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"காலையில விட்டா மத்தியானம் வந்துடும் சித்தி."

"அப்போ உன் திறமைக்கு ஒரு வேலை இருக்கு."

துணி வெட்டுவதிலிருந்து தைப்பது வரை தையல்காரரை விளக்கச் சொல்லி வீடியோ எடுக்கவைத்தோம். இங்கேயும் இனப் புத்தி போகவில்லை. என்றைக்கு வெளியானது என்பதற்கு நாளைக்குச் சாட்சி வேண்டுமாம். அன்றைய செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பேசச் சொன்னாள். ஒரு கையில் செய்தித்தாள், முகத்தில் முகக்கவசம். பார்த்தவர்கள் அவரை யாரோ கடத்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அதனால்தானோ என்னவோ, கடைசிவரை பார்த்தார்கள். நான் என் பங்குக்கு, "இதை உடனே பகிராவிட்டால் போன் வெடித்துவிடும்" என்று ஒரு வரி சேர்த்தேன். மத்தியானத்துக்குள் திரும்பி வந்தது, மூன்று மொழிகளில்.

கம்பெனி பேசாமல் போயிற்று. டீச்சர் வகுப்பில் போட்டுக்கொண்டார். சித்தி மறுபடி கொக்கிகளிடம் போனாள். ஜூனியர் குளியலறையிலிருந்து, "நாம இதுல என்ன மேடம் சம்பாதிச்சோம்?" என்று எதிரொலித்தார். சித்தி மியூட்டில் இருப்பதுபோல நடித்தாள்.

வக்கீல்களைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள் இல்லையா, வாசகரே? ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் போன வாரம் அனுப்பிய ஜோக்கை வேறொருவர் உங்களுக்கே அனுப்பினால், "இது நான் போட்டது" என்று பதில் போடாமல் உங்களால் இருக்க முடிந்ததா? சமையல் நன்றாக இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்ட விருந்தாளியிடம் ஒரு சாமானை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதில்லையா? "இதை நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாமல் ஒரு வாரம் தள்ளியிருக்கிறீர்களா? கறுப்பு அங்கி ஒன்றுதான் பாக்கி.

இவ்வளவு எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினால் சித்தி நிற்கிறாள். நான் பரீட்சையில் செய்வதுபோலக் கையைக் குறுக்கே போட்டுத் தாளை மறைத்தேன். பரீட்சையில் மறைக்க என்னிடம் எதுவும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"இது முழுக்க உங்க சொந்தப் படைப்புதானா?" என்றாள், கட்சிக்காரர்களிடம் பேசும் குரலில்.

"முழுக்க என்னோடதுதான்."

கையை விலக்கி, தாளை எடுத்து, நின்றபடியே படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள்.

"சூரியன் விண்ணப்பம் போடலன்னு சொன்னது நான். எதிர்ப்பு வரலன்னு சொன்னது நான். கல்யாணக் கையெழுத்து உங்க சித்தப்பாவோடது. சிரிப்பு வர்ற இடம் ஒவ்வொண்ணுக்கும் வேற சொந்தக்காரன் இருக்கான். உன்னோடது எதுடா?"

அவள் விரல் தாளில் கீழே இறங்கி, ஜன்னல் பக்கம் நின்ற இடத்துக்கு வந்து நின்றது. அங்கே ரொம்ப நேரம் இருந்தது. அந்தப் பத்தியை அடித்துவிடத்தான் நினைத்திருந்தேன்.

"இது உன்னோடது," என்றாள் மெதுவாக. "இதை யாரும் உனக்குச் சொல்லிக்குடுக்கல."

தாளை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவுவரை போனவள் நின்றாள்.

"அப்போ மத்த நாளெல்லாம் தண்ணியில உப்புப் போட்டது நீதானா?"