நீலக் கோப்பில் காண்க

குற்றச்சாட்டு: கடந்த மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு, என் அக்காவின் கணவர், என்னைக் கேளாமலேயே நான் எல்லாம் தெரிந்தவன் என்று எழுத்துபூர்வமாக அறிவித்துவிட்டார். நகல் என்னிடம் உள்ளது.

இவர் தனி மனிதர் அல்லர், ஓர் இனம். 'எல்லாம் எழுதியாச்சு' இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோப்புகளை நிறவாரியாகப் பிரிப்பார், முதுகில் பெயர்ச்சீட்டு ஒட்டுவார், சீட்டின்மேல் செலோடேப் ஒட்டுவார், அது கோணலாகிவிட்டால் பிய்த்து மறுபடியும் ஒட்டுவார். உள்ளே இருப்பதை மட்டும் படிக்கமாட்டார். படிப்பானேன்? அவரே எழுதியதுதானே!

உயிலுக்கு ஒரு வக்கீல், இரண்டாம் மாடியில். முதலீட்டுக்கும் காப்பீட்டுக்கும் ஓர் ஆலோசகர், அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில். இடையே பதினெட்டுப் படிகள், எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சா, கூடிப் பேசி ஃபீஸ ஏத்திடுவாங்க" என்பது இவ்வினத்தின் தத்துவம்.

மேற்படி தேதிக்கு மறுநாள் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. பதினொன்றாம் தேதி முற்பகலே, மருத்துவமனைக் கட்டிலருகே அக்கா கேட்டாள்:

"ஏங்க, வீட்டுக் கடன் பாதி அப்படியே நிக்குது. உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

"எல்லாம் எழுதியாச்சு. மச்சான்கிட்ட ரெண்டு ஃபைலையும் குடு."

பிரித்தேன். நீலக் கோப்பு, உயில், பக்கம் நான்கு: 'வீடு மனைவிக்கு. கடனை அடைக்கும் காப்பீட்டுத் தொகை யாருக்கு என்பதைச் சிவப்புக் கோப்பில் காண்க.' சிவப்புக் கோப்பு, காப்பீட்டுப் படிவம், நாமினி பெயர்: 'நீலக் கோப்பில் காண்க.' இது செல்லாது என்று நிறுவனம் அனுப்பிய கடிதமும் அங்கேயே இருந்தது. உறை பிரிக்காமல், துளையிட்டு, ஒழுங்காகக் கோக்கப்பட்டிருந்தது; பிரித்தவன் நான்தான். கடைசித் தாளில், அன்று காலைத் தேதியும் நேரமும் இட்டு, அடிக்கோடும் இட்டு: 'சந்தேகம் எழுந்தால் என் மைத்துனரைக் கேட்கவும். அவருக்கு எல்லாம் தெரியும்.'

"எனக்கு என்ன தெரியும் அத்தான்?"

"பஸ் டிக்கெட்டக்கூட ஃபைல் பண்றவன் நீ. உனக்குத் தெரியாதா?"

"அது என் டிக்கெட். உங்க பேப்பர எப்ப காட்டினீங்க?"

"நீ எப்ப கேட்ட?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் அக்கா. "டேய், அந்த ரெண்டு மாடியையும் இங்க வரச் சொல்லு."

பிற்பகலில் இருவரும் வந்தார்கள். கட்டிலுக்கு இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் ஒருவர். நோயாளியின் வயிற்றுக்கு மேலாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"மூணாவது மாடி நீங்கதானா சார்?" என்றார் வக்கீல். "உங்க ஏசி தண்ணிதான் பன்னெண்டு வருஷமா என் ஜன்னல்ல சொட்டுது!"

இருபது நிமிடம். உயில் திருந்தியது, புதிய படிவத்தில் அக்காவின் பெயர் ஏறியது, கையெழுத்தும் விழுந்தது. ஆலோசகர் அதை அன்றே நிறுவனத்தில் கொடுத்து ரசீது வாங்கினார். நகல் என்னிடம் உள்ளது.

அறுவை நல்லபடி முடிந்தது. வீடு திரும்பிய அத்தான் முதல் வேலையாக மஞ்சள் கோப்பு ஒன்று திறந்தார். உள்ளே ஒரே தாள்: 'மாற்றங்களுக்கு மைத்துனரைக் காண்க.'

சிரிக்கிறீர்கள். சரி. உங்கள் காப்பீட்டில் இருப்பது யார் பெயர்? எந்த ஆண்டில் எழுதியது? உங்கள் உயிலை எழுதியவர் அந்தக் காப்பீட்டுப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததுண்டா? பதினைந்து நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வேண்டும். 'எல்லாம் எழுதியாச்சு' என்பது பதிலாக ஏற்கப்படமாட்டாது.