வாங்கிப் போடுகிறவர்

உலகத்தில் நிலம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிலம் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் இனம் உழும், விதைக்கும், மழை பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துத் திட்டும். இரண்டாவது இனத்துக்கு அந்தக் கவலையே கிடையாது. மழை பெய்தால் நிலம் பச்சைப்பசேலென்று தெரியும், நல்ல விலைக்கு விற்கலாம். பெய்யாவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரன் பட்டினி கிடப்பான், அவன் காட்டையும் மலிவாக வாங்கிப் போடலாம். வானம் எப்படி நடந்துகொண்டாலும் கொழுக்கிற இந்தப் பிராணியைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

சொல்வதற்கு உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கொல்லிமலை அடிவாரத்தில், ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, புளியமரத்தடியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இது போதாதா?

பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "தொழில்?" என்று கேட்பேன். மலைக் குடியானவனாக இருந்தால் சிரித்துவிடுவான். "என்னுங்க தொழிலு, காட்டு வேலைதானுங்க" என்பான். வாங்கிப் போடுகிறவரோ தொண்டையைச் செருமுவார், அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொள்வார், இரண்டு பக்கமும் பார்ப்பார், பிறகு, "விவசாயம்னு போடுங்க" என்பார். ஏரில் மாட்டை எந்தப் பக்கம் பூட்டுவது என்று கேட்டால் விழிப்பார். நான் கேட்பதில்லை. எழுத்துக்கூலி கொடுக்கிறவரை யார் விழிக்க வைப்பார்கள்?

இப்படி என் கையால் விவசாயிகளாக ஆனவர்களின் பூர்வோத்தரத்தைக் கேளுங்கள். ஒருவர், குரல் கெட்டதால் நாடகக் கம்பெனியை விட்டு வந்த ராஜபார்ட். ஒருவர், கோர்ட்டு வாசலில் நின்று கட்சிக்காரர்களைக் கூவி அழைத்த டவாலி. ஒருவர் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் சந்தையில் சோடா விற்றவர். பழைய தொழிலை விட்டுவிட்டதாக இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழில் இவர்களை விட்டால்தானே! ராஜபார்ட் விலை பேசும்போது, ராஜ்யத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி மார்பில் அறைந்துகொண்டு கண்ணீர் விடுவார். விற்க வந்தவன் மனமிளகி விலையைக் குறைப்பான். டவாலி மூன்று தடவை விலை கேட்பார், மூன்றாவது தடவையும் படியாவிட்டால் நீங்கள் ஆஜராகவில்லை என்று எழுந்து போய்விடுவார். வாத்தியார் தாம் சொன்ன விலையை நீங்களும் வாய்விட்டுச் சொல்லும்வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பார். சோடாக்காரர் மட்டும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. காற்றை அடைத்து விற்றுப் பழகியவர்.

இவர்களையெல்லாம் தூக்கி விழுங்கியவர் அர்த்தனாரி. அவர் முன்பு பார்த்தது, அம்மை குத்துகிற சர்க்கார் உத்தியோகம். பதினாறு வருஷம், கையில் ஊசிப் பெட்டியோடு வளப்பூர் நாடு, குண்டனி நாடு, அரியூர் நாடு என்று மலை முழுவதும் நடந்தவர். அவர் தலை தெரிந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் ஒளிவார்கள். 'ஊசிக்காரர்' என்றால் அழுகிற குழந்தை வாயை மூடும். ஆனால் அவர் கையில் இருந்த நோட்டு இருக்கிறதே, அது ஊசியைவிடக் கூர்மையானது. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எழுத வேண்டியது சர்க்கார் வேலை. எந்த அண்ணன் எந்தத் தம்பியோடு பேசுவதில்லை, எவனுக்குச் சீக்கிரம் பயம் வரும், எந்தப் பலாமரத்தடியில் வற்றாத ஊற்று என்று ஓரத்தில் எழுதிக்கொண்டது அவருடைய சொந்த வேலை.

அந்த நோட்டு பலன் தரும் காலமும் வந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்து சேலத்தில் இறங்கினார்கள். மாட்டுக்கொட்டகைக்கெல்லாம் வாடகை கேட்டார்கள். எல்லோரும் அவரவர் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது அர்த்தனாரி மட்டும் வேலையை ராஜிநாமா செய்தார்.

முதலில் அவர் போனது வளப்பூர் நாட்டு நல்லமுத்துவிடம். நல்லமுத்துவுக்குக் கொஞ்சம் சாமைக் காடு, மனைவி சின்னாயி, மூன்று பெண் குழந்தைகள். பயந்த சுபாவம். நோட்டில் இருந்ததுதான்.

"நல்லமுத்து, உன்னையத் தம்பியா நெனைச்சுச் சொல்றேன். ஜப்பான்காரன் குண்டு மொதல்ல மலை மேலதான் விழுகும். மேல இருந்து பாத்தா மலைதானே பெரிசாத் தெரியும்?"

"அப்படீங்களா சாமி?"

"அதோட போகுமா? பொறவு சர்க்காரு பட்டாளத்தைக் கொண்டாந்து உங்காட்டுல எறக்கும். ஒரு சல்லி தரமாட்டான். அதுக்கு முந்தி எங்கிட்ட எழுதிக் குடுத்துட்டு, புள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கீழ போய்ப் பொழைச்சுக்க."

நல்லமுத்துவின் அக்காள் குப்பாயி விதவை. அவள் காடு தம்பியின் காட்டை ஒட்டியது. ஊற்று இருந்தது அவள் காட்டில். அவளிடமும் அர்த்தனாரி இதையே சொன்னார். "குண்டு வந்தா வரட்டுமுங்க. எனக்குக் களை வெட்டுற வேலை கெடக்குது" என்று அவள் குனிந்துகொண்டாள். தம்பியால் அப்படிக் குனிய முடியவில்லை. மூன்று குழந்தைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்தில் மலையிறங்கி வந்தான்.

அந்தப் பத்திரத்தை எழுதியவன் நான்தான். அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றியவனும் நான்தான். "குண்டு எப்பங்க சாமி வரும்?" என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அர்த்தனாரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "சீக்கிரம்தான்" என்றேன்.

நாலு நாள் கழித்துச் சேலத்தில் அதே அர்த்தனாரி, பட்டணத்திலிருந்து ஓடி வந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி ஒருவரிடம், அதே வாயால் சொன்னது இது: "மலை மேல குண்டே விழுகாதுங்க. ஏரோப்ளேன் அவ்வளவு ஒசரம் ஏறாது. ஊட்டி மாதிரி குளுரு, காட்டுக்குள்ளயே ஊத்து. பெரிய பெரிய மனுசங்கெல்லாம் கேட்டாங்க, உங்களுக்குன்னு வெச்சிருக்கறேன்."

முதலாளி நம்பினார். குண்டுக்குப் பயந்தவர் எதைத்தான் நம்பமாட்டார்? விலை படிந்தால் அங்கேயே ஒப்பந்தம் எழுதிவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள். நாலு மலைக்காரர்கள் நாற்காலியில் முதலாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நானும் அர்த்தனாரியும் பின்னால் மூச்சு வாங்க நடந்தோம்.

நல்லமுத்துவின் காட்டில் நாற்காலி இறங்கியது. அர்த்தனாரி கையை வீசி, கிழக்கே பலாமரம், மேற்கே பாறை, நடுவில் ஊற்று என்று அடுத்தவள் சொத்தையும் சேர்த்து அளந்து காட்டினார். ஊற்றங்கரையில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த குப்பாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, இந்தத் தண்ணி கோடையிலும் இருக்குமா?" என்றார் முதலாளி.

"இருக்குமுங்க. ஆனா இது எங்காட்டுத் தண்ணிங்க. ஊசிக்காரரு வாங்குனது எந்தம்பி காடு மட்டுந்தானுங்க." குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவர் கட்டியிருந்த பட்டுக்கரை வேட்டியையும் வியர்த்து வழிந்த முகத்தையும் பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. "ஏனுங்க சாமி, நீங்க எதுக்குங்க இங்க வாரீங்க? இங்கதான் மொதல்ல குண்டு விழுகுமாமுங்க. புள்ளைகுட்டி இருக்குமுங்களே, ஊடு போய்ச் சேருங்க."

"யார் சொன்னது?"

"இவருதானுங்க. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தானுங்க எந்தம்பி காட்டைக் குடுத்துட்டுக் கீழ போனான்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அர்த்தனாரியைப் பார்த்தார். அத்தனை நாளில் அன்றுதான் அவரைச் சரியாகப் பார்த்தார் என்று தோன்றியது.

அர்த்தனாரி சிரித்தார். "மலைக்காட்டுச் சனங்க, ஒண்ணும் அறியாதுங்க."

"அறியாத சனந்தானுங்க" என்றாள் குப்பாயி. "நீங்க வந்து சொன்னதுதானுங்க அறிஞ்சது."

நாற்காலி ஏறி வந்ததைவிட வேகமாக இறங்கிப் போயிற்று. நானும் எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

அர்த்தனாரி இதோடு ஒழிந்தார் என்று சந்தோஷப்படுகிறீர்களா? இந்த இனம் அப்படியெல்லாம் ஒழியாது. மாதங்கள் போயின. மலையில் குண்டு விழவில்லை. பட்டணத்துக்காரர்கள் திரும்பிப் போனார்கள். நல்லமுத்து அடிவாரத்தில் ரோட்டுக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தான். அவன் கடைசிப் பெண்ணைக் குளிர்க்காய்ச்சல் கொண்டுபோயிற்று. அவள் பெயர் கண்ணாயி. நாலு வயது. புதைத்த மூன்றாம் நாள், வாங்கின பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு அவன் அர்த்தனாரியைத் தேடி வந்தான். வழி தெரியாமல் என் மரத்தடிக்கு வந்தவனை நான்தான் கூட்டிப் போனேன்.

"சாமி, காட்டைத் திருப்பிக் குடுத்துருங்க. மேல போயிடறோம்."

"அதெப்படி நல்லமுத்து? இப்ப வெலை ஏறிப்போச்சே."

"குண்டு விழுகுமுன்னீங்களே சாமி, விழுகலீங்களே?"

"விழுகாததுனாலதான் ஏறுச்சு" என்றார் அர்த்தனாரி.

 நல்லமுத்து அந்தப் பதிலில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று யோசித்தான் போலிருக்கிறது. கடைசியில், விளைச்சலில் சரிபாதி தருவதாக ஒப்புக்கொண்டு, தன் காட்டுக்கே குத்தகைக்காரனாக ஏறிப் போனான். தம்பி பங்குப் பாத்திக்கு மட்டும் ஊற்றுத் தண்ணீர் விடுவேன், ஊசிக்காரர் பங்குக்கு ஒரு சொட்டும் விடமாட்டேன் என்று குப்பாயி பாத்தியைப் பிரிக்கப் பார்த்தாளாம். ஒரே காட்டில் தண்ணீர் எப்படி ஆள் பார்த்துப் பாயும்? தம்பியின் வயிற்றுக்காக முழுவதற்கும் விட்டாள். பாதி சாமை இன்றைக்கும் மலையிறங்கி அர்த்தனாரி வீட்டுக்குத்தான் வருகிறது.

இப்போது அவர் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காருகிறார். மீசை முளைத்த பையன்கள் சுற்றி நின்று ரகசியம் கேட்கிறார்கள். "ஊசிப் பெட்டியோட நடந்தவன் நான். எல்லாம் தைரியந்தான்" என்கிறார். அடுத்தவனுடைய பயம் என்று அவர் சொல்வதில்லை.

இந்த விஷயத்தை இதுவரை ஆறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆறு பேரும் அர்த்தனாரியைக் கண்டபடி திட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டி முடித்துச் செருப்பை மாட்டும்போது நாலு பேர் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கம் இன்னும் காடு ஏதாச்சும் விலைக்கு வருதா?" என்று கேட்டார்கள். மற்ற இரண்டு பேரும் கேட்கவில்லை. அவர்கள் காடு பார்க்க நேராக மலையேறிப் போய்விட்டார்கள்.

நீங்கள் ஏழாவது ஆள்.