துரை விமானம் ஏறக் கூடாது

நான் முடிவு எடுப்பது அபூர்வம். எங்கள் வீட்டில் முடிவு எடுக்கும் இலாகா மனைவியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது தலையாட்டும் இலாகா. ஆனாலும் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்து, ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். துரை எங்களோடு வெளிநாட்டுக்கு வரக் கூடாது. வாயில் நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் குளியலறைக் கதவுக்கு வெளியே மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

துரை எங்கள் பூனை. சாம்பல் நிறம், வெள்ளை மீசை, வேலைவெட்டி கிடையாது. அந்தப் பெயரைக் கிண்டலுக்காக வைத்தது நான்தான். அவன் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டான். என் நாற்காலியில் உட்காருவான். என் பேப்பர்மேல் படுப்பான். நான் வாய் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வெளிநாட்டில் வேலை கிடைத்தது மனைவிக்கு. மூன்று வயசு வாண்டுகளை மேய்க்கிற மழலையர் பள்ளி டீச்சர் அவள். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் கடல் தாண்டிக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கூடவே ஒட்டிக்கொண்டு போகிறவன். மெத்தைக்கடையில் மேனேஜராக இருந்தேன். அதை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கெல்லாம் தூக்கம் விற்ற நான் சொந்தக் கட்டிலில் எங்கே படுக்கிறேன் தெரியுமா? ஓரத்தில். அந்த ஓரத்தில் மனைவி, இந்த ஓரத்தில் நான், நடுவில் துரை. நான் புரண்டால் அவன் முறைப்பான். அவன் புரண்டால் நான் கீழே விழுவேன்.

சிரிக்காதீர்கள். கட்டில்கூடப் பெரிய விஷயமில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என் கண்ணு எங்கே?" என்பாள். கல்யாணமான புதிதில் அந்தக் கேள்விக்குப் பதில் நான்தான். இப்போது பழைய பழக்கத்தில் நான் எழுந்து போனால், "நீங்க இல்லீங்க" என்பாள். எனக்கு அது வலித்தது. தலை நரைக்கிற வயசில் பூனைமேல் பொறாமை என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? புது நாட்டில், புது வீட்டில், அந்தக் கேள்விக்கு மறுபடியும் நான் பதிலாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வழியை அவளே காட்டினாள்.

"ஏங்க, பூனையை ஏத்தி அனுப்புற ஏஜென்ட் போன் பண்ணினார்."

"என்னவாம்?"

"துரை தானாப் போய்க் கூண்டுக்குள்ள படுக்கணுமாம். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். முரண்டு பிடிச்சா கூட்டிட்டுப் போக மாட்டாராம்."

"அடடா!" என்றேன். உள்ளுக்குள் குதித்தேன்.

"அவனைப் பயமுறுத்துற மாதிரி எதுவுமே நடக்கக் கூடாதாம். முக்கியமா அந்த வாக்கம் கிளீனர் சத்தம். அதைக் கேட்டாலே நடுங்குறான். நீங்க தயவுபண்ணி அதைத் தொட்டுடாதீங்க."

"நான் எதுக்குத் தொடப்போறேன்? வாங்கின நாளா தொட்டதில்லையே!"

"அதுவும் சரிதான்" என்றாள்.

கூண்டு வந்தது. கம்பிக் கதவு வைத்த கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு. ஹாலின் மூலையில் வைத்து, இருட்டாக இருந்தால் அவனுக்குப் பிடிக்கும் என்று பழைய போர்வை ஒன்றை மேலே போட்டு மூடினாள். உள்ளே மீன் துண்டு வைத்தாள். துரை வெளியிலேயே நின்று, கையை மட்டும் உள்ளே விட்டு, மீனை இழுத்துப்போட்டுத் தின்றுவிட்டு, இஸ்திரி போட்டு வைத்த என் சட்டைமேல் போய்ப் படுத்தான். அவளுடைய சால்வையைப் போட்டுப் பார்த்தாள். கொஞ்சினாள், கெஞ்சினாள், தாலாட்டுக்கூடப் பாடினாள். அந்தப் பாட்டில் நான்தான் தூங்கினேன்.

"அதுக்கு இஷ்டமில்லேன்னா விட்டுடணும்மா" என்றேன், எழுந்ததும்.

"விட்டுட்டு?"

"எதிர்வீட்டுத் தையல்காரம்மா இருக்காங்கல்ல?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயெல்லாம் சாக்லேட்டை அப்பிக்கொண்டு 'நான் எடுக்கல மிஸ்' என்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு, "அந்தப் புத்தகப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க" என்றாள். தள்ளினேன். "சூட்கேஸையெல்லாம் பீரோ மேல அடுக்கிடுங்க" என்றாள். அடுக்கினேன்.

ஆறப்போடாமல் அன்றைக்கே எதிர்வீட்டுக்குப் போனேன். தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் வாயில் குண்டூசி இருக்கும், பேச்சு பல்லிடுக்கில்தான் வரும்.

"அக்கா, ஒருவேளை, ஒருவேளைதான், துரையைக் கூட்டிட்டுப் போக முடியலேன்னா நீங்க வெச்சுக்குவீங்களா?"

"தலைமேல வெச்சுக்குவேன் தம்பி. வாயில்லாத ஜீவன். போட்டதைச் சாப்பிடும். குறை சொல்லுமா? நேரத்துக்கு ஒருதரம் டீ கேக்குமா? மூக்குமேல இருக்கிற கண்ணாடியை வீடு பூராத் தேடச் சொல்லுமா?"

"யாரைச் சொல்றீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"இது என் வீட்டுல தெரிய வேண்டாம்."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்று குண்டூசியோடு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வரவில்லை.

மறுநாள் மனைவி பள்ளிக்கூடம் கிளம்பினாள். படியிறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் அலமாரியைத் திறந்தேன். வாக்கம் கிளீனர் முன்னாலேயே தயாராக நின்றது. ஹாலுக்கு உருட்டி வந்து, கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சுவிட்சைப் போட்டேன்.

நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த துரை படுத்தவாக்கில் எம்பினான். எல்லா ரோமமும் சிலிர்த்துக்கொண்டு இரண்டு பூனை ஆனான். அடுத்த நொடி படுக்கையறைக்குள் பாய்ந்தான். அப்படிப் போடு! இனி கூண்டைப் பார்த்தாலே இந்தச் சத்தம் ஞாபகம் வரும். ஏஜென்ட் முன்னால் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடுவான். நானும் மனைவியும் கைகோத்துக்கொண்டு விமானம் ஏறுவோம்.

மிஷினை ஒரே இடத்தில் நிறுத்திச் சத்தம் போட்டால் எதிர்வீட்டில் சந்தேகம் வருமே என்று, இழுத்துக்கொண்டே படுக்கையறைக்குள் போனேன். துரை கட்டிலுக்கு அடியில் முட்டினான். பெட்டி. பீரோ மேலே தாவினான். சூட்கேஸ். என் காலுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடினான். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் மாயம். சமையலறையில் தேடினேன், பால்கனியில் தேடினேன், மிஷினும் கூடவே வந்தது. எங்கேயும் இல்லை. எங்கே இருந்தால் என்ன, பயந்திருந்தால் சரி. வயரைச் சுற்றி மிஷினை உள்ளே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேப்பரை விரித்தேன்.

சாயங்காலம் அவள் வந்து, "என் கண்ணு எங்கே?" என்றதும், துரை எங்கிருந்தோ வந்து அவள் காலில் உரசினான்.

"என்னங்க, இன்னைக்கு வீடு ஏதோ பளிச்சுனு இருக்கே?"

"வெயில்" என்றேன்.

மறுநாளும் போட்டேன். அன்றைக்கு நல்ல மழை.

"இன்னைக்கும் பளிச்சுனு இருக்கே?"

"மழை" என்றேன்.

அவள் கவலையோடு சொன்னாள்: "துரை முகமே சரியில்லைங்க. சோபாவுக்கு அடியில போய் ஒளியறான் போல இருக்கு."

அடுத்த நாள் சோபாவை நகர்த்தி அடியில் மிஷினை விட்டேன். துரை இல்லை, தூசிதான் இருந்தது. அதற்கடுத்த நாள், "புத்தக அலமாரிக்குப் பின்னாடி போறானோ?" என்றாள். அங்கேயும் விட்டேன். சந்து பொந்து ஒன்று பாக்கியில்லை. நான் தேடி முடித்த சந்துகளையெல்லாம் அன்று மாலையே ஒரு பெட்டியால் அடைக்கச் சொன்னாள். குனிந்து நிமிர்ந்து என் பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. காதலுக்காக இதெல்லாம் செய்யலாம் என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன்.

ஏஜென்ட் வருகிற நாளும் வந்தது. பருத்த மனிதர். பூனையிடம் மரியாதையாகவும் மனுஷர்களிடம் சிடுசிடுப்பாகவும் பேசுகிற ரகம். துரை வழக்கம்போல் என் நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"ஐயா தூங்குறாங்களா?" என்று அவனைக் கேட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "ம், கூண்டுக்குள்ள போகச் சொல்லுங்க" என்றார்.

மனைவி கூப்பிட்டாள். துரை ஒரு காதை மட்டும் அசைத்தான். மீன் வைத்தாள். மற்றொரு காதை அசைத்தான். ஏஜென்ட் உதட்டைப் பிதுக்கினார்.

கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருந்த சோகத்தை முகத்தில் மாட்டிக்கொண்டேன். "விடுங்க சார். அவனுக்குக் கொடுத்துவெச்சது அவ்வளவுதான். எதிர்வீட்டுல நல்லாப் பார்த்துக்குவாங்க. மனசைத் தேத்திக்கிறோம்."

மனைவி பதறவில்லை. அழவில்லை. என்னைப் பார்த்து, "ஏங்க, அந்த வாக்கம் கிளீனரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

"எ... எதுக்கு?"

"சும்மா எடுத்துட்டு வாங்க."

"அது எங்க இருக்குன்னே எனக்குத்..."

"நேத்து மத்தியானம் நீங்க வெச்ச இடத்துலதான் இருக்கு."

போனேன். எடுத்தேன். உருட்டிக்கொண்டு வந்தேன். சுவிட்சைக்கூடப் போடவில்லை. துரை ஒரு கண்ணைத் திறந்து மிஷினைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். 'வந்துட்டியா?' என்கிற சலிப்பு அந்தப் பார்வையில் இருந்தது. சோம்பல் முறித்தான். இறங்கினான். ஓட்டமில்லை, பதற்றமில்லை. நிதானமாக நடந்து, தலையால் போர்வையை விலக்கி, கூண்டுக்குள் போய், ஒரு சுற்று சுற்றி, கால்மேல் முகத்தை வைத்துப் படுத்தான்.

ஏஜென்ட் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே காணாமல் போன என் சாக்ஸ் ஒன்று, மனைவியின் கொண்டை ஊசி, பாதி மீன் எல்லாம் இருந்தன.

"குடித்தனமே நடக்குதே!" என்றார். "நான் எத்தனையோ பூனையை ஏத்தி அனுப்பியிருக்கேம்மா. இப்படி வீட்டுக்குப் போற மாதிரி கூண்டுக்குள்ள போன ஆளைப் பார்த்ததில்லை. யார் பழக்கினது?"

"இவர்தாங்க. ஒரு நாள் விடாம" என்றாள்.

ஏஜென்ட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அவர் போனதும் கதவைச் சாத்தினேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"எது?"

"நான் மிஷின் போட்டது."

"நீங்க போடறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியா?"

"பூனை பயந்தா இருட்டான பொந்தைத் தேடி ஓடும். இந்த வீட்டுல இருந்த பொந்தையெல்லாம் பெட்டியை வெச்சு அடைச்சது யாரு? நீங்கதானே? மிச்சம் இருந்தது கூண்டு ஒண்ணுதான். பயமுறுத்தறதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது."

"நீதான் தொடாதேன்னு சொன்னியே!"

"எங்க ஸ்கூல்ல ஒரு வாண்டு இருக்கான். பொம்மையை எடுத்து வைடான்னா வைக்க மாட்டான். தொடாதேன்னு சொன்னா அத்தனையும் அழகா அடுக்கி வெச்சுடுவான்."

"அப்போ நானும் மூணு வயசுப் பையனும் ஒண்ணா?"

"சேச்சே! அவன் ரெண்டாவது நாளே கண்டுபிடிச்சுட்டான்."

தொப்பென்று உட்கார்ந்தேன். நாற்காலி காலியாக இருந்தது, அதை அனுபவிக்கக்கூடத் தோன்றவில்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை. நெஞ்சில் வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டேவிட்டேன்.

"நிஜத்தைச் சொல்லு. ஒருவேளை துரை கூண்டுக்குள்ள போகவே இல்லேன்னா? அவனா நானான்னு வந்திருந்தா, நீ யாரை விட்டுட்டுப் போயிருப்பே?"

அவள் முகத்திலிருந்து டீச்சர் போய்விட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து எவ்வளவு காலமாயிற்று! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அசடு" என்றாள். "உங்களை அப்படி அம்போன்னு விட்டுட்டுப் போவேனா? யாராவது ஒருத்தரை விட்டுட்டுப் போற மாதிரி ஆனா பார்த்துக்க முடியுமான்னு தையல்காரம்மாவை முதல்லயே கேட்டேன். பூனைன்னா சரி, நீங்கன்னா முடியாதுன்னுட்டாங்க."